காரணம் சொல்லாமல் எழும் கணினி: திடீர் மறுதொடக்கத்தின் மூலத்தைத் தேடும் முறை



மொழி மன்றத்தின் மேடையில் இலக்கியம் பேசுவர், இலக்கணம் பேசுவர். கணினி பழுதாவதைப் பற்றிப் பேச இங்கு என்ன இருக்கிறது என்று தாங்கள் கேட்கலாம். பழுதின் மூலத்தைத் தேடும் வேலையில் பாதி, கண்டதைக் கண்டவாறே சொல்லும் வேலை. எஞ்சிய பாதியைக் கருவிகளைக் கொண்டு செய்துவிடலாம். முதற்பாதியை மொழியால்தான் செய்ய இயலும். ஆகவே இவ்வுரைக்கு இம்மேடை பொருத்தமானதே என்று கருதுகிறோம்.

கணினிகளுக்கு வரும் பழுதுகளில் மிகவும் அலைக்கழிப்பது எது என்று கேட்டால், எவ்விதக் காரணமும் காட்டாமல் கணினி தானாக மறுதொடங்குவதே என்போம். பிற பழுதுகள் ஒரு தடயத்தையாவது விட்டுச்செல்லும். இப்பழுதோ, தான் நிகழும்போதே தன் தடயத்தையும் துடைத்துவிடுகிறது. சாட்சியும் இல்லை, குறிப்பும் இல்லை என்னும் நிலையில் மனிதர் எளிதில் ஒருவரைக் குற்றவாளியாக்கிவிடுகின்றனர். நாங்களும் அத்தவற்றைச் செய்தோம். அதைச் சொல்லியே தொடங்குகிறோம்.

1. கூடத்தில் நிகழ்ந்தது

நாங்கள் ஓர் இடைநிலைப்பள்ளியின் கணினிக் கழகத்துக்குப் பொறுப்பாக இருந்தோம். கூடத்தில் இருபது கணினிகள் இருந்தன. அவற்றுள் சுவரோரம் இருந்த ஒன்று மட்டும் பிற்பகல் வேளைகளில் திடீரென மறுதொடங்கியது. எச்சரிக்கை இல்லை, பிழைச்செய்தி இல்லை. திரை கறுக்கும், அடுத்த நொடியே தொடக்கச் சின்னம் தோன்றும். அதுவரை சேமிக்காத வேலை அனைத்தும் போய்விடும்.

அவ்விருக்கையில் பெரும்பாலும் அமர்ந்தவன் படிவம் நான்கில் பயின்ற ஒரு மாணவன். பள்ளி ஆண்டு விழாவின் காணொளியைத் தொகுக்கும் பொறுப்பு அவனிடம் இருந்தது. வீட்டில் எடுத்த படங்களை விரலியில் கொண்டுவருவான். மூன்றாம் முறை கணினி மறுதொடங்கியபோது, அவனுடைய விரலியில் நச்சுநிரல் இருக்கிறதாம் என்ற பேச்சு எழுந்தது. யார் முதலில் சொன்னார் என்று தெரியவில்லை. நாங்கள் அதை ஏற்றுக்கொண்டோம். விரலி கொண்டுவரலாகாது என்று அவனுக்கு மட்டும் தடை விதித்தோம். பின்னர் அக்கணினியின் அருகே அமரலாகாது என்றோம். அவன் விலகியிருந்த வாரத்தில் கணினி ஒருமுறைகூட மறுதொடங்கவில்லை. எங்கள் முடிவு மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது என்று மகிழ்ந்தோம்.

அம்முடிவு தவறு. அது எப்படித் தவறாயிற்று என்பதை விளக்குமுன், பழுதின் இயல்பை அறிந்துகொள்வது இன்றியமையாதது.

2. ஒரு பழுதுக்கு நான்கு பெயர்கள்

கணினி கெட்டுவிட்டது என்று ஒருவர் சொன்னால் அது செய்தியாகாது. குறைந்தது நான்கு நிலைகளைத் தனித்தனியே பெயரிட்டுச் சொல்லக் கற்றுக்கொள்ள வேண்டும்.

முதலாவது உறைதல். திரையில் உள்ள படம் அப்படியே நிற்கும். சுட்டி நகராது, விசைப்பலகைக்கு மறுமொழி இராது. மின்விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

இரண்டாவது அணைதல். விளக்கை அணைத்ததுபோல் கணினி முற்றிலும் நின்றுவிடும்; தானாக எழாது. செயலி அளவுமீறிச் சூடேறும்போது தன்னைக் காத்துக்கொள்ள இவ்வாறு நிற்பதுண்டு.

மூன்றாவது அறிவித்து வீழ்தல். பிழைத்திரை தோன்றி, ஓர் எண்ணோ பெயரோ காட்டி, அதன்பின் கணினி நிற்கும் அல்லது மறுதொடங்கும்.

நான்காவது அறிவிக்காமல் மறுதொடங்குதல். இன்றைய உரையின் பொருள் இதுவே.

இந்நான்கும் வெவ்வேறு மூலங்களைச் சுட்டுகின்றன. உறைதலை மறுதொடக்கம் என்று எழுதிக்கொடுத்தால், பழுது பார்ப்பவர் தவறான திசையில் ஒரு நாள் முழுதும் நடப்பார். சொல் பிழைத்தால் ஆய்வும் பிழைக்கும்.

3. உட்கரு ஏன் வேலையை நிறுத்துகிறது?

இயங்குதளத்தின் நடுவில் இருந்து செயலி, நினைவகம், வன்தட்டு ஆகியவற்றைப் பகிர்ந்தளிக்கும் நிரலைக் கெர்னல் என்பர். விதையின் உள்ளிருக்கும் பருப்பு என்பது அச்சொல்லின் பொருள். இவ்வுரையில் அதனை உட்கரு என்றே வழங்குவோம்.

ஒரு சொற்செயலி பிழைபட்டால் உட்கரு அதனை மட்டும் மூடிவிடும். பிற நிரல்கள் தொடர்ந்து ஓடும். ஆனால் உட்கருவே தன் கணக்கில் பிழை கண்டால் என்ன செய்வது? அதற்கு மேலே அதனைக் காப்பார் எவரும் இலர். பிழையான கணக்கோடு தொடர்ந்து இயங்கினால், வன்தட்டில் உள்ள நல்ல கோப்புகளின் மேல் தவறானவற்றை எழுதிவிடக்கூடும். எனவே அது நின்றுவிடுகிறது. லினக்ஸ் இயங்குதளம் இந்நிலையை அறிவிக்கும்போது, நினைவகத்தில் எஞ்சியுள்ளவற்றை வன்தட்டில் எழுதப்போவதில்லை என்பதையும் அதே வரியில் சொல்லிவிடும். தன் கை நடுங்குகிறது என்று உணர்ந்த எழுத்தர் பேரேட்டை மூடிவைப்பதைப் போன்றது இது.

இந்நன்மையிலேயே ஒரு தீமையும் உண்டு. எழுதுவதை நிறுத்திவிட்டதால், வீழ்ச்சிக்குச் சற்று முன் நிகழ்ந்தவை பதிவேட்டில் ஏறாமற் போகின்றன. நாம் மிகவும் வேண்டுகின்ற கடைசிச் சில வரிகளே பெரும்பாலும் கிடைப்பதில்லை.

அடுத்து, நின்ற கணினியை எழுப்புவது யார்? பூட்டிய அறையில் நள்ளிரவில் ஓடும் வழங்கிக் கணினி, காலையில் ஒருவர் வந்து பொத்தானை அழுத்தும்வரை காத்திருக்க இயலாது. ஆகவே, வீழ்ந்தவுடன் தானாக மறுதொடங்கும் ஏற்பாடு இயங்குதளங்களில் உண்டு. விண்டோஸில் இவ்வேற்பாடு இயல்பாகவே செயலில் இருக்கும். பிழைத்திரை தோன்றினாலும் விரைவில் மறைந்துவிடுவதால், அறிவித்து வீழ்ந்த கணினியும் அறிவிக்காமல் மறுதொடங்கியதாகவே கண்ணுக்குத் தெரியும். லினக்ஸில் எத்தனை நொடி காத்திருந்து மறுதொடங்குவது என்பதை ஓர் எண் தீர்மானிக்கிறது. அவ்வெண் 0 என்றிருந்தால் கணினி செய்தியைக் காட்டியபடி நின்றுகொண்டே இருக்கும்.

ஆதலின் நாம் செய்ய வேண்டிய முதல் வேலை, பழுதை நீக்குவதன்று. தானாக மறுதொடங்கும் ஏற்பாட்டை நீக்குவது. விண்டோஸின் மேம்பட்ட அமைப்புகளில், தொடக்கமும் மீட்பும் என்னும் பகுதியில் அதற்கான தெரிவு உள்ளது. அதனை நீக்கிவிட்டால், உட்கரு சொல்ல விரும்பியதைச் சொல்லிவிட்டு, நாம் வந்து படிக்கும்வரை காத்திருக்கும்.

அவ்வாறு நீக்கிய பின்னும் கணினி ஒன்றும் சொல்லாமல் மறுதொடங்கினால், உட்கருவுக்குப் பேச வாய்ப்பே கிட்டவில்லை என்று பொருள். அதற்கு முதன்மையான வழிகள் மூன்று.

ஒன்று, செயலிக்குள் நிகழும் அடுக்குப் பிழை. நம் மேசைக் கணினிகளில் உள்ள செயலி ஒரு பிழையைக் கண்டால், அதனைக் கையாளும் நிரற்பகுதியை அழைக்கும். அப்பகுதியை அழைக்கவே இயலாவிடில் இரண்டாம் நிலைப் பிழைக்கான பகுதியை அழைக்கும். அதுவும் இயலாவிடில் செயலி கைவிட்டுவிடும். அதனைக் கண்ட தாய்ப்பலகை முழுக் கணினியையும் மீளத் தொடங்கவைக்கும். மும்மடிப் பிழை என்று இதனைச் சொல்லலாம்.

இரண்டு, மின்வழங்கி. தான் தரும் மின்னழுத்தங்கள் சீராக உள்ளன என்பதை மின்வழங்கி ஒரு தனிக் கம்பியின் வழியே தாய்ப்பலகைக்கு இடைவிடாது அறிவித்துக்கொண்டிருக்கும். பளு கூடும்போது அழுத்தம் தாழ்ந்து அவ்வறிவிப்பு ஒரு கணம் அறுந்தாலும் கணினி மீளத் தொடங்கிவிடும். உட்கருவுக்கு இதில் யாதொரு பங்கும் இல்லை.

மூன்று, காவல் கடிகாரம். முதன்மையான பணியொன்று குறித்த நேரத்தில் முடிகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பது இதன் வேலை. முடியாவிடில், கணினி செயலிழந்துவிட்டது என்று முடிவுகட்டி மறுதொடங்கவைக்கும். மனிதர் அணுக இயலாத இடங்களில் உள்ள கணினிகளுக்கு இது உயிர்காக்கும் ஏற்பாடு. ஆனால் தாமதம் ஏன் நேர்ந்தது என்பதை அது கேட்பதில்லை. இம்மூன்றாம் வகையில் வரலாற்றுப் புகழ் பெற்ற நிகழ்ச்சி செவ்வாய்க் கோளில் நடந்தது.

4. செவ்வாயில் மறுதொடங்கிய கணினி

அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் மார்ஸ் பாத்ஃபைண்டர் விண்கலம் 1996 டிசம்பர் 4ஆம் நாள் ஏவப்பட்டது. 1997 ஜூலை 4ஆம் நாள், காற்றுப்பைகள் சூழத் துள்ளித் துள்ளிச் செவ்வாயின் ஏரிஸ் வாலிஸ் பகுதியில் இறங்கியது. சோஜர்னர் என்னும் ஆறு சக்கர ஊர்தி அதிலிருந்து இறங்கி ஓடியது. உலகமே அப்படங்களைக் கண்டு வியந்துகொண்டிருந்தது.

சில நாளில், வானிலைத் தரவுகளைத் திரட்டத் தொடங்கிய பின், தரையிறங்கிய கலத்தின் கணினி தானாக மறுதொடங்கலாயிற்று. திரட்டிய தரவுகள் அழியவில்லை. ஆனால் மறுதொடங்கும் ஒவ்வொரு முறையும் அன்றைய எஞ்சிய பணிகள் மறுநாளைக்குத் தள்ளிப்போயின. கலத்தின் ஆயுள் இத்தனை நாள் என்று எவராலும் உறுதி சொல்ல இயலாத நிலையில், ஒவ்வொரு நாளும் விலைமதிப்பற்றது. கணினி ஒரே நேரத்தில் அளவுக்கு மீறிய வேலைகளைச் செய்ய முயல்கிறது என்று செய்தித்தாள்கள் எழுதின. கேட்பதற்கு அது விளக்கம் போல் இருந்தது. மெய்யான விளக்கம் அதுவன்று.

அக்கணினியில் இயங்கியது விண்ட் ரிவர் நிறுவனத்தின் வி.எக்ஸ்.ஒர்க்ஸ் என்னும் இயங்குதளம். அதன் உட்கரு, பணிகளுக்கு முன்னுரிமை வகுத்து, உயர்ந்த பணி வந்தால் தாழ்ந்த பணியை நிறுத்திவைக்கும். கலத்தின் கருவிகளுக்கிடையே செய்தி செல்லும் தடத்தை ஒரு நொடிக்கு 8 முறை இயக்க வேண்டியிருந்தது. ஒரு பணி அதற்குத் திட்டமிட்டது. மற்றொரு பணி வந்த தரவுகளைப் பகிர்ந்தளித்தது. இவ்விரண்டும் உயர்ந்த முன்னுரிமை உடையவை. ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் திட்டமிடும் பணி, முந்தைய சுற்றின் பகிர்வு முடிந்ததா என்று பார்க்கும். முடியாவிடில் பெரும்பழுது என்று கொண்டு கணினியை மறுதொடங்கவைக்கும். காவல் கடிகாரத்தின் வேலையை அப்பணியே செய்தது.

வானிலைப் பணிக்கோ தாழ்ந்த முன்னுரிமை. அதுவும் பகிர்வுப் பணியும் ஒரு பூட்டைப் பொதுவில் பயன்படுத்தின. அங்கே நேர்ந்த சிக்கலை ஒரு பள்ளி அலுவலகத்தில் வைத்து விளக்குவோம்.

தலைமையாசிரியருக்கு உடனே அலுவலக முத்திரை தேவைப்படுகிறது. முத்திரை அலுவலக உதவியாளரின் கையில் இருக்கிறது. இன்னும் ஒரு தாளில் குத்திவிட்டால் அவர் அதனைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஆனால் இடையில் ஓர் ஆசிரியர் அவரை அழைத்து, நாற்காலிகளை எடுத்துவைக்கச் சொல்கிறார். அடுத்து வேறோர் ஆசிரியர் தேநீர் வாங்கிவரச் சொல்கிறார். உதவியாளரால் மறுக்க இயலாது. தலைமையாசிரியர் காத்திருக்கிறார். அலுவலகத்தின் மிக உயர்ந்தவரின் வேலை, இடைநிலையில் உள்ளோரின் வேலையால் தடைபடுகிறது. இங்கு எவரும் விதியை மீறவில்லை. விதிகள் ஒன்றோடொன்று சேர்ந்த விதமே பிழை.

செவ்வாயிலும் இதுவே நிகழ்ந்தது. வானிலைப் பணி பூட்டைக் கையில் வைத்திருந்தபோது, நடுத்தர முன்னுரிமை உடைய பணிகள் வந்து அதனை நிறுத்திவைத்தன. பூட்டுக்காகப் பகிர்வுப் பணி காத்துக்கிடந்தது. அடுத்த சுற்றில் திட்டமிடும் பணி வந்து பார்த்தது, பகிர்வு முடியவில்லை, கணினியை மறுதொடங்கச் செய்தது. இதனை முன்னுரிமைத் தலைகீழ்மாற்றம் என்பர்.

5. பதினெட்டு மணி நேரம்

கலத்தின் பறப்பு மென்பொருட் குழுவுக்குத் தலைமை வகித்த கிளென் ரீவ்ஸ் பின்னாளில் இதனை ஒளிவுமறைவின்றி விளக்கினார். அவர் சொன்னவற்றுள் மாணவர்கள் மனத்திற்கொள்ள வேண்டியவை சில உண்டு.

கலம் தரையிறங்குவதற்கு முன்பே, சோதனைகளின்போது இப்பழுது தலைகாட்டியிருக்கிறது. ஆனால் அதனை மீண்டும் நிகழச்செய்ய இயலவில்லை. குழுவினர் அப்போது, தரையிறக்கத்துக்கான மென்பொருளில் முழுக் கவனத்தையும் செலுத்திக்கொண்டிருந்தனர். மீண்டும் நிகழாத பழுது இல்லாமற்போன பழுதன்று. அது காத்திருக்கும் பழுது.

செவ்வாயில் ஏன் வெளிப்பட்டது? கலம் எதிர்பார்த்ததைவிட நன்றாக வேலை செய்ததே காரணம். பூமிக்குத் தரவு அனுப்பும் வேகம் எதிர்பார்த்ததற்கு மேல் அமைந்ததால், அறிவியற் பணிகளையும் மிகுதியாகச் செய்ய முடிந்தது. மிக மோசமான நிலைமைகளைச் சோதித்திருந்தார்கள். நினைத்ததைவிடச் சிறப்பான நிலைமையைச் சோதிக்கவில்லை.

பழுதைப் பிடித்தது எப்படி? மென்பொருளின் உள்ளேயே, பணிகள் எந்த வரிசையில் ஓடின என்பதைக் குறிக்கும் தடப்பதிவு வசதி இருந்தது. ஆய்வகத்தில் பயன்படுத்தப்பட்ட அவ்வசதியை, ஏவுமுன் நீக்கிவிடாமல் விட்டுவைத்திருந்தார்கள். இது தற்செயலன்று; சோதித்த மென்பொருளையே பறக்கவிட வேண்டும், பறக்கவிடுவதையே சோதிக்க வேண்டும் என்பது அவர்களின் கொள்கை. செவ்வாயில் இருந்த கலத்தினின்று அத்தடப்பதிவைப் பெற இயலாது. ஆனால் கலிபோர்னியாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தில் அதே மென்பொருளை ஓட்டி, அதே பணிகளைத் திரும்பத் திரும்பச் செய்வித்தார்கள். 18 மணி நேரத்துக்குள் பழுது அவர்கள் கண்முன் நிகழ்ந்தது. தடப்பதிவு கையில் இருந்தமையால் மூலம் உடனே புலப்பட்டது.

தீர்வும் அவ்வியங்குதளத்திலேயே முன்பிருந்து இருந்தது. பூட்டை வைத்திருக்கும் தாழ்ந்த பணிக்கு, அதற்காகக் காத்திருக்கும் உயர்ந்த பணியின் முன்னுரிமையை அவ்வளவு நேரத்துக்கு மட்டும் வழங்கிவிடலாம். நம் கதையில், முத்திரையை வைத்திருக்கும் வரை உதவியாளருக்குத் தலைமையாசிரியரின் அதிகாரம் உண்டு என்று விதி செய்வதற்கு இது ஒப்பாகும். தேநீர் வாங்கிவர அவரை எவரும் அனுப்ப இயலாது. இம்முறையை ஆராய்ந்து நிறுவிய புகழ்பெற்ற கட்டுரை 1990இல் வெளிவந்தது. அதனை எழுதிய மூவர் லூயி ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹோட்ஸ்கி. இவர்களுள் ராஜ்குமார் சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1984இல் பொறியியற் பட்டம் பெற்று, அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பு முடித்து, அங்கேயே பேராசிரியராக விளங்குபவர்.

அப்பூட்டில் இவ்வசதி செயற்படுத்தப்படாமல் இருந்தது. அதனைச் செயற்படுத்தும் சிறு மாற்றத்தை உடனே அனுப்பிவிடவில்லை. வேகம் குறையுமா, வேறெங்கேனும் பாதிப்பு நேருமா என்று இயங்குதளத்தை உருவாக்கியவர்களோடு கலந்து ஆராய்ந்து, சோதித்த பிறகே அனுப்பினார்கள். செய்தி சென்றுசேரவே பத்து நிமிடத்துக்கு மேலாகும் தொலைவில், ஏறத்தாழ 19 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த கணினி இவ்வாறு திருத்தப்பட்டது. 1997 செப்டம்பர் 27 வரை கலம் பூமியோடு தொடர்பில் இருந்தது.

6. சாட்சியை உயிரோடு வைத்தல்

நம்மிடம் செவ்வாய்க் கலம் இல்லை. ஆனால் அக்குழுவின் முறை நம் கூடத்துக்கும் பொருந்தும்.

முதலில், உள்ள சாட்சியைப் படிக்க வேண்டும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில், முறையாக நிறுத்தப்படாமல் கணினி எழுந்தால் கெர்னல்-பவர் என்னும் பெயரில் 41ஆம் எண்ணுள்ள குறிப்பு ஏறும். பலர் இக்குறிப்பையே பழுதின் காரணம் என்று கொள்கின்றனர். அது காரணமன்று, வீழ்ந்ததற்கான சான்று மட்டுமே. அதனுள் நிறுத்தக் குறியீடு என்று ஓர் எண் இருக்கும். அது 0 அல்லாத எண்ணாயின், உட்கரு பிழையைக் கண்டறிந்து நின்றது என்று பொருள். அவ்வெண்ணைக் கொண்டு மேலே தேடலாம். 0 என்றிருந்தால், உட்கரு எதையும் பதிவுசெய்யவில்லை என்று பொருள். அப்போது மின்சாரம், மின்வழங்கி, சூடு முதலியவற்றின்மேல் ஐயம் செல்ல வேண்டும். லினக்ஸிலும் முந்தைய தொடக்கத்தின் பதிவேட்டைத் தனியே எடுத்துப் படிக்கலாம். அது முறையாக முடிகிறதா, வாக்கியம் பாதியில் அறுந்ததுபோல் நிற்கிறதா என்பதே ஒரு செய்தி.

இரண்டாவதாக, சாட்சியை வீழும் கணினிக்கு வெளியே நிறுத்த வேண்டும். லினக்ஸ் உட்கருவின் செய்திகளை வலையமைப்பு வழியே மற்றொரு கணினிக்கு உடனுக்குடன் அனுப்பிவைக்கலாம். இக்கணினி வீழ்ந்தாலும் கடைசி வரி அக்கணினியில் இருக்கும். 2005 முதல் லினக்ஸில் மேலும் ஒரு வசதி உண்டு. நினைவகத்தில் ஒதுக்கிய சிறு இடத்தில் இரண்டாவது உட்கரு ஒன்று உறங்கிக்கொண்டிருக்கும். முதல் உட்கரு வீழ்ந்தவுடன் அது விழித்து, வீழ்ந்ததன் நினைவகத்தை அப்படியே படியெடுத்து வைக்கும்.

மூன்றாவதாக, பழுதை வேண்டும்போது நிகழச்செய்யும் வழியைத் தேட வேண்டும். அது கிட்டும்வரை எந்தத் தீர்வையும் நம்பலாகாது. வாரம் ஒருமுறை நிகழும் பழுது மூன்று நாள் நிகழாததால் தீர்ந்துவிட்டது என்று எவ்வாறு சொல்வது?

நான்காவதாக, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். நினைவகத்தையும் மின்வழங்கியையும் ஒரே நாளில் மாற்றினால், பழுது நீங்கினாலும் அதன் மூலம் தெரியாது. மாற்றியதால் பழுது நீங்கியது போல் தோன்றினால், பழையதைத் திரும்ப வைத்துப் பார்க்க வேண்டும். பழுது திரும்ப வந்தால்தான் மூலம் அகப்பட்டது என்று பொருள்.

7. மீண்டும் எங்கள் கூடத்துக்கு

அந்த மாணவன் விலகிய பின், காணொளித் தொகுப்பை ஒரு மாணவி ஏற்றாள். அவள் விரலியைப் பயன்படுத்தவே இல்லை. படங்கள் பள்ளி வலையமைப்பின் வழியே வந்தன. இரண்டாம் நாள் பிற்பகல் கணினி மறுதொடங்கியது.

அன்றுதான் முதன்முறையாக நிகழ்வுப் பதிவேட்டைத் திறந்தோம். 41ஆம் எண் குறிப்புகள் ஏழு இருந்தன. ஏழிலும் நிறுத்தக் குறியீடு 0. நினைவகச் சோதனையை இரவு முழுதும் ஓட்டினோம், பிழை இல்லை. கணினியை வேறு மேசைக்கு, வேறு மின்செருகிக்கு மாற்றினோம், மறுதொடக்கம் தொடர்ந்தது. தொகுத்த காணொளியைக் கோப்பாக மாற்றும் வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தபோது, ஒரு மணி நேரத்துக்குள் பழுதை நினைத்தபோது வரவழைக்க முடிந்தது. அவ்வேலையில்தான் செயலி முழுப் பளுவில் ஓடும்.

அதன்பின் தொழில்நுட்பரைக் கொண்டு அக்கணினியின் மின்வழங்கியையும் அண்டைக் கணினியின் மின்வழங்கியையும் இடம் மாற்றினோம். அக்கணினி நின்று நிதானமாக ஓடியது. அண்டைக் கணினி மறுதொடங்கியது. மீண்டும் பழையபடி வைத்தோம். பழுதும் பழைய இடத்துக்கே திரும்பியது. ஐயத்துக்கு இடமில்லை. மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: மின்வழங்கியின் பெட்டியை எக்காரணத்தாலும் திறக்கலாகாது. இணைப்பைத் துண்டித்த பின்னும் அதனுள்ளிருக்கும் மின்தேக்கிகளில் ஊறு விளைவிக்கும் மின்னூட்டம் தங்கியிருக்கும்.

இப்போது எங்கள் பழைய சான்றை எண்ணிப் பாருங்கள். மாணவன் வராத வாரத்தில் கணினி வீழவில்லை என்றோம். உண்மைதான். அவ்வாரத்தில் அக்கணினியில் எவரும் கடுமையான வேலை செய்யவில்லை. மாணவனோடு சேர்ந்து பளுவும் விலகியது. பளு விலகியதால் பழுது மறைந்தது. கூடத்திலேயே மிகுதியாக உழைத்தவன் அமர்ந்த இடத்தில் பழுது வெளிப்பட்டது. அவனது உழைப்பையே நாங்கள் குற்றமாகப் படித்தோம். செவ்வாய்க் கலத்திலும் பழுது வெளிப்பட்டது, கலம் மிகுதியாக உழைத்தபோதுதான்.

அவனை அழைத்து, வகுப்பார் முன்னிலையில் எங்கள் தவற்றை ஒப்புக்கொண்டோம். பரவாயில்லை ஐயா என்றான். ஆனால் கழகத்துக்கு அவன் திரும்பி வரவில்லை. மின்வழங்கியை மாற்றியதுபோல் அதனை மாற்ற எங்களால் இயலவில்லை.

8. மொழியிடம் கற்க வேண்டியது

தமிழில் ஆம் என்னும் ஓர் ஈறு உண்டு. வந்தான் என்றால் சொல்பவன் பொறுப்பேற்கிறான். வந்தானாம் என்றால் பிறர் சொல்லக் கேட்டேன் என்று விலகி நிற்கிறான். கண்டதற்கும் கேட்டதற்கும் இடையிலான வேறுபாட்டை ஓரசையில் காட்டும் வளம் நம் மொழியில் இருக்கிறது. விரலியில் நச்சுநிரல் இருக்கிறதாம் என்றே அப்பேச்சு எங்களிடம் வந்தது. அந்த ஆம் என்னும் ஈற்றை உதிர்த்துவிட்டு, நச்சுநிரல் இருக்கிறது என்று தடை விதித்தோம். அவ்வோர் அசை உதிர்ந்த இடத்தில்தான் எங்கள் தவறு பிறந்தது.

ஆகவே ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள். கணினிக் கூடத்தில் ஒரு குறிப்பேடு வையுங்கள். ஒவ்வொரு பழுதுக்கும் ஐந்து செய்திகளை மாணவர்களே தமிழில் எழுதட்டும்: எப்போது நிகழ்ந்தது; அப்போது என்ன வேலை நடந்துகொண்டிருந்தது; கண்ணால் கண்டது என்ன; அண்மையில் மாற்றப்பட்டது எது; இதற்கு முன் எத்தனை முறை நிகழ்ந்தது. இவற்றின் கீழே ஒரு கோடு இட்டு, கோட்டுக்குக் கீழே மட்டும் தங்கள் கருத்தை எழுதட்டும். கோட்டுக்கு மேலே கருத்துக்கு இடமில்லை. மனிதர் பெயருக்கும் அங்கே இடமில்லை.

மாணவச் செல்வங்களே, உங்கள் கணினி நாளை திடீரென மறுதொடங்கினால், முதலில் மணியைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். திரையில் என்ன இருந்தது என்பதை அடுத்ததாக எழுதுங்கள். யாரால் நிகழ்ந்தது என்று எவரேனும் கேட்டால், இன்னும் தெரியவில்லை என்று சொல்லத் தயங்காதீர்கள். பாத்ஃபைண்டர் குழுவினரும் மூலத்தைக் கண்முன் காணும்வரை எதையும் திருத்த முற்படவில்லை.